கடைசிக் கடையை முதற்கடை ஆக்கிய வரலட்சுமி அம்மையாருக்கு

அன்பின் உறைவிடமே! அரிசி மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லும் அறிவின் அளவுகோலே! உப்புக் காற்று உரசும் ராயபுரம் தொடங்கி உலைப்புகை உலவும் எண்ணூர் வரை எட்டு ஊர்களின் அடுப்படிக்கும் பருப்பும் பயறும் பழுதின்றிச் சேரப் பத்தாண்டுகள் பாடுபட்ட பண்பின் பெட்டகமே! சாவிக்கொத்து இடையில் குலுங்க, சாக்பீஸ் காதோரம் செருக, சாத்தாங்காட்டுக் கிடங்கைத் தம் சொந்தச் சமையலறையாய் ஆண்ட சரக்கேற்றும் பிரிவின் தலைமகளே! எங்கள் வரலட்சுமி அக்காவே! கைகூப்பி வணங்குகிறோம்!

நீங்கள் இருந்த ஆலை மூடப்பட்டு, கூட வேலை பார்த்தவர்கள் திசைக்கொருவராய்ப் போன பிறகு, நாற்பத்தெட்டாம் வயதில் வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்து நம் அலைவாய் அங்காடியின் படியை நீங்கள் மிதித்த நாள் 1998 ஜூன் எட்டு. இன்று 2008 மே முப்பத்தொன்று. இந்தப் பத்தாண்டுகளில் நீங்கள் விடுப்பெடுத்த நாள்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்த பிறகே எழுதுகிறோம்.

இந்த மடலை எழுதும் வேலை, விலைச்சீட்டு ஒட்டும் பிரிவான எங்கள் தலையில் விழுந்தது. எழுத உட்கார்ந்ததும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. போன ஆண்டு விழாவில் முதலாளி உங்களைப் பற்றி இரண்டு வாக்கியம்தான் பேசினார். "எண்ணெய் லாரி வந்துச்சு போல" என்று எழுந்து போனவர் நீங்கள். லாரி எதுவும் வரவில்லை. ஆகவே இன்று முகத்துக்கு நேரே புகழப்போவதில்லை. வேறு யாரோ ஒருவரின் கதை என்று நினைத்துக் கேளுங்கள். அதில் உங்களை 'அவர்' என்றே சொல்லப்போகிறோம். நீங்கள் எங்களிடம் சொன்னதைச் சொன்னபடியும், சொல்லாமல் விட்டதை எங்களுக்குத் தோன்றியபடியும் எழுதியிருக்கிறோம். நாற்காலியை விட்டு எழ வேண்டாம் அக்கா. லாரி வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அவர் வந்து சேர்ந்தபோது அலைவாய்க்கு இரண்டே கடைகள், ராயபுரத்தில் ஒன்று, காசிமேட்டில் ஒன்று. குளிர்சாதனம் போட்ட சின்னக் கடைக்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு நாமே நுழைந்து, நாமே பொருளை எடுத்து, வாசலில் பில் போட்டுக்கொண்டு போகலாம் என்பதை அந்தப் பக்கத்து ஜனங்கள் அப்போதுதான் சிரித்துக்கொண்டே பழகிக்கொண்டிருந்தார்கள். முதலாளி சண்முகவேலின் தந்தையார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். அவர் விளக்கேற்றிய இடத்தில்தான் முதல் கடை. அதை எல்லோரும் தாய்க்கடை என்போம். கிடங்கும் அப்போது அதன் பின்கட்டில்தான் இருந்தது.

கடை ஒவ்வொன்றாக வடக்கே வளர்ந்தது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர், மணலி. ஒரே ஒரு 407 சரக்கு வண்டி, ஒரே ஓட்டுநர் ஜாபர், விடியும் முன்னே கிளம்பி வரிசையாக இறக்கிக்கொண்டு போவார். எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி, எது அடியில், எது மேலே, எது வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் வரலட்சுமியின் பொறுப்பு. வண்டியின் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு எண் எழுதுவார். கடைசிக் கடையின் சரக்கு முதலில் ஏறி உள்ளே போய்விடும். முதல் கடையின் சரக்கு கதவோரம் நிற்கும். அது அவர் போட்ட சட்டம், இன்று வரை அதுதான் சட்டம்.

இனி அவர் கண்ணை மூடும் விஷயத்துக்கு வருவோம். வண்டி கிளம்பியதும் அவர் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பொழுது ஏற ஏற, கிடங்கின் கூரைத் தகட்டில் ஆணி விழுந்த ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாகத் தரையில் விழும். சோப்பும் காபித்தூளும் புதுச் சாக்கும் கலந்த வாசனை அசையாமல் நிற்கும். அவர் முகம் மட்டும் லேசாக இப்படியும் அப்படியும் ஆடும். புதிதாக வந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். நாங்களும் நினைத்தோம்.

"இன்னாக்கா, தூக்கமா?"

"தூக்கமா? நான் வண்டில போய்க்கினு கீறேன். சொம்மா பேச்சு குடுக்காத, காசிமேட்டாண்ட திரும்புறோம்."

செல்போன் எல்லோர் கையிலும் வராத காலம் அது. ஒருவர் சந்தேகப்பட்டுக் காசிமேட்டுக் கடைக்குத் தொலைபேசியில் கேட்டார். "இப்பத்தான் வாசல்ல வண்டி சத்தம் கேக்குது" என்றார்கள். மறுநாளும் கேட்டார். மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. செல்போன் வந்த பிறகும்கூட, ஜாபர் எங்கே என்று தெரிய வேண்டுமானால் அக்காவைத்தான் கேட்டோம்.

கண்ணுக்குள் அந்த வண்டி மெதுவாகப் போகும் என்று ஒருநாள் அவரே சொன்னார். வலப்பக்கம் கடல் கூடவே வருமாம். வலை காயும் இடத்தில் ஜாபர் வேகத்தைக் குறைப்பாராம். திருவொற்றியூர்த் தேரடியில் யாரோ வாசல் தெளித்த ஈரம் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு சிறிது தூரம் வருமாம். எண்ணூர்ப் புகைபோக்கிகளின் வெண்புகை விடிகாலை வானத்தில் கலையாமல் நிற்குமாம். மணலி வந்ததும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் குழாயின் உச்சியில் பகலிலும் எரியும் தீ வெயிலில் வெளுத்துப்போய்த் தெரியுமாம். அங்கே அவர் இறங்கிவிடுவார். ஏனென்றால் அதற்குள் உச்சிப்பொழுது நெருங்கி, கிடங்கு வாசலில் சரக்கு கொண்டுவரும் கம்பெனி லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும். கண்ணைத் திறந்து, சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

இதற்கிடையில் இரண்டு காரியங்கள் நடந்தன. 2002இல் இடம் போதாமல் கிடங்கு சாத்தாங்காட்டுக்கு, இரும்புச் சந்தைக்குப் பின்னால் வந்துவிட்டது. ஆனால் வண்டி மட்டும் பழையபடி முதல் சரக்கைத் தாய்க்கடையில்தான் இறக்கியது. விடியலில் தெற்கே ராயபுரத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வடக்கே வந்தது. விளக்கேற்றிய கடை முதலில் திறக்க வேண்டும் என்பது நம் வழக்கம், அதை யாரும் யோசிக்கவே இல்லை. அடுத்த ஆண்டு சடையங்குப்பத்தில் எட்டாவது கடை திறந்தோம். வரலட்சுமி தம் தாளில் ஏழாவது வரிக்குக் கீழே எட்டாவது வரியாக அதை எழுதினார். புதுக் கடையைக் கடைசியில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? அந்தக் கடைக்குப் பொறுப்பாளராகக் கார்குழலி என்ற பெண்ணை நேர்காணலில் தேர்ந்தெடுத்தவரும் அவரேதான். மற்றக் கடைகளை அவர் நேரில் பார்த்திருந்தார். ஆனால் இந்தத் திறப்பு விழா அன்று கிடங்கில் சரக்கெண்ணும் இருப்பெடுப்பு. அவரால் போக முடியவில்லை. அப்புறமும் போகவில்லை.

மூன்று ஆண்டுகள் ஓடின. 2006 ஏப்ரலில் தலைமை அலுவலகத்திலிருந்து ஜெனிஷ் வந்தார். நாகர்கோவில் பையன், நிர்வாகம் படித்தவர், செலவைக் குறைக்கும் பொறுப்புக்கென்று புதிதாக வந்தவர். நல்ல பிள்ளை. வந்தவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு தாளை வரலட்சுமியின் முன்னால் வைத்தார்.

"அக்கா, சடையங்குப்பம் கடைய ஜூன் கடைசில மூடுகதா முடிவாயிருக்கு. எட்டுக் கடைலயும் கழிவு அங்கதான் ஜாஸ்தி. மத்த கடைல நூறு சாமானுக்கு ஒண்ணோ ரெண்டோ வீணாகுது. அங்க ஒம்பது. வாடகை, கரண்டு, வண்டிச் செலவு எல்லாம் சேத்துப் பாத்தா அந்தக் கடை மத்த கடைகளத் திங்குது. சரக்கு அனுப்புத பிரிவுன்னு ஒங்க கையெழுத்து மட்டும் வேணும்."

வரலட்சுமி தாளைப் பார்த்தார். எட்டு வரிகள். எட்டாவது வரியைச் சிவப்பில் அடித்திருந்தார்கள். அவர் பேனாவைக் கையில் எடுத்ததை நாங்கள் பார்த்தோம். எடுத்தவர் கண்ணை மூடினார். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று வண்டி போயிருக்க வேண்டும். முகம் இப்படியும் அப்படியும் ஆடியது. மணலி வரை ஆடியது. பிறகு நின்றுவிட்டது.

மணலிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று பிறகு எங்களிடம் சொன்னார். சாலை இல்லை, வளைவு இல்லை, கடையின் வாசல் எந்தப் பக்கம் என்றுகூட இல்லை, வெறும் வெள்ளையாக இருந்ததாம். தாம் ஒருநாளும் போகாத இடத்துக்கு மூன்று ஆண்டாகச் சரக்கு அனுப்பியிருக்கிறோம் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. அந்தக் கடையில் கார்குழலியோடு மூன்று பெண்கள், நான்கு வீட்டு அடுப்பு. கடை போனால் அந்த ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் மணலிக்கு நடக்க வேண்டும்.

"ஒரே ஒரு நாளு குடு தம்பி. நாளைக்கு நான் வண்டில போய்ட்டு வந்து போட்டுத் தரேன்" என்றார்.

மறுநாள் விடியலில் அவர் நிஜமாகவே வண்டியில் ஏறினார். ஜாபருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தினோம் தான் வர்றியேக்கா, இன்னிக்கு இன்னா புச்சா டிக்கெட்டு எடுத்துக்கினு?" என்றார். முன் இருக்கையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். கடல் வந்தது. வலைகள் வந்தன. எல்லாம் அவர் கண்ணுக்குள் பார்த்த இடத்திலேயே இருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கே கனவா நனவா என்று குழப்பமாக இருந்ததாம்.

தாய்க்கடையில் சரக்கு இறங்கியது. ஒரு பிஸ்கெட் பெட்டி மூலையில் நசுங்கியிருந்தது. பொறுப்பாளர் வேதமாணிக்கம் அதைத் தொடக்கூட இல்லை, தலையை ஆட்டினார். ஜாபர் அதைத் திரும்ப வண்டிக்குள் வைத்தார். "கடைசில பாத்துக்கலாம்" என்றார்.

காசிமேட்டில் ஓர் எண்ணெய்ப் பாக்கெட் கசிந்தது. அவர்கள் எடுக்கவில்லை. "கடைசில பாத்துக்கலாம்." தண்டையார்பேட்டையில் மாவுப் பை ஒன்று பிரிந்திருந்தது. "கடைசில பாத்துக்கலாம்." திருவொற்றியூரில் இரண்டு, எர்ணாவூரில் ஒன்று. எண்ணூர்ச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டிகளைப் போல வரிசை கட்டி நின்றன. ஒரு மணி நேரம் வண்டி அசையவில்லை. வெயில் கூரையில் ஏறியது. சடையங்குப்பத்துத் தயிர்ப் பெட்டிகள் உள்ளே, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தன. சட்டப்படி, எட்டாம் கட்டத்தில்.

"ஜாபரு, திரும்பி வர்ற சாமானக் கிடங்குக்கு எட்தாந்து குடுக்கணும்னு தானே சட்டம்?"

"குடுக்கலாம்க்கா. குட்த்தா ஒட்ஞ்ச சாமானுக்குன்னு பாரம் ரொப்பணும், யாரால ஒட்ஞ்சிதுன்னு எழுதணும். என் பேரத்தான் எழுதணும். நாலு பாரம் ஆச்சுன்னா சம்பளத்துல கை வெப்பானுங்க. கடைசில குட்த்தா அது ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கும்."

"கடைசின்னா?"

ஜாபர் சாலையைப் பார்த்தார். "உனுக்குத் தெரியாதாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மணலியில் இறக்கிவிட்டு வண்டி திரும்பியது. அவர் கண்ணுக்குள் இல்லாத பாதை அங்கே தொடங்கியது. இரண்டு பக்கமும் கோரை, நடுவில் உயர்த்திப் போட்ட மண்சாலை, தேங்கிய நீரில் வானம் அப்படியே கிடந்தது. தூரத்தில் அந்தத் தீ ஒலியில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. காற்றும் இல்லை, ஆளும் இல்லை. வண்டி போகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. இவ்வளவு அழகான இடத்தை மூன்று வருஷமாகப் பார்க்காமல் விட்டேனே என்று முதலில் நினைத்தாராம். மதியம் இரண்டு மணி. கடை வாசலில் கார்குழலி நின்றிருந்தார்.

வண்டியிலிருந்து அக்கா இறங்கியதைக் கார்குழலி பார்த்தார். கடையை மூட வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். இருந்தும் வேலையைத்தான் முதலில் பார்த்தார். எல்லாச் சுமையின் அடியிலும் நசுங்கிக் கிடந்த தம் கடைச் சரக்கை இழுத்து இறக்கினார். தயிர்ப் பாக்கெட்டுகள் உப்பியிருந்தன. பிறகு ஜாபர் மற்ற கடைகள் வேண்டாம் என்றதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, எதையும் மறுக்காமல் வாங்கி ஒரு தனி அலமாரியில் அடுக்கினார். அதன்மேல் அட்டையில் 'பாதி விலை' என்று எழுதியிருந்தது. அப்போது கடைக்குள் வந்த ஓர் அம்மாள் நல்ல பிஸ்கெட் இருந்த பக்கமே போகவில்லை. நேரே அந்த அலமாரிக்கு வந்தார்.

"ஒட்ஞ்சது வந்துச்சாம்மா? நம்ம கடையில அதானே பிஸ்கோத்து."

வரலட்சுமி அப்படியே அங்கிருந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "இன்னாத்துக்குடி இதெல்லாம் வாங்குன? வேணாம்னு சொல்ல வாயில்ல உனுக்கு?" என்றார்.

"எப்பிடிக்கா சொல்றது? கடைசிக் கடை நாங்க. வேணாம்னு சொன்னா நாளைக்கு வண்டி மணலியோட திரும்பிடும்னு பயம். வேலை குட்த்த உம்பேரு கெட்டுடுமோன்னும் பயம். இத்தெல்லாம் எங்க கடைக் கழிவுன்னுதான் எழுதி அனுப்பிக்கினு கீறேன்" என்றார் கார்குழலி.

திரும்பும் வழியில் இன்னொன்று நடந்தது. கடையை விட்டு வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கிடங்கு வந்துவிட்டது. வரலட்சுமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினேழு நிமிஷம். இவ்வளவு கிட்டே இருந்த கடைக்குச் சரக்கு, ஊரெல்லாம் சுற்றி, எட்டரை மணி நேரம் கழித்துப் போயிருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் நாள். கட்டம் போட்டது அவர் கை. எட்டு என்று எழுதியது அவர் சாக்பீஸ்.

அப்போது ஓய்வுக்கு இரண்டே ஆண்டுகள். கண்ணை மூடினால் வண்டி தெரியும் என்ற பெயர் எட்டுக் கடையிலும் பரவியிருந்தது. ஜெனிஷின் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழாது. பெருமையோடு போயிருக்கலாம். நாங்கள் அவராக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பதிலை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் காலை தாய்க்கடையின் மாடியில், முதலாளியும் ஜெனிஷும் வேதமாணிக்கமும் இருந்த இடத்தில், அவர் கையெழுத்துப் போடாத தாளை மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கடைக்கு நோவு ஒண்ணும் இல்ல மொதலாளி. வழியில ஒடையுறது, ஒழுவுறது, கெடறது எல்லாம் கடைசில போய் அங்க இறங்குது. இந்தத் தம்பி கணக்கு தப்பு இல்ல. ஏழு கடை கழிவு ஒரு கடை பேர்ல கீது, அவ்ளோதான். ஜாபர் மேல தப்பு இல்ல, அந்தப் பொண்ணு மேலயும் இல்ல. வழி போட்டது நான். அந்தக் கடைய ஒரு தடவ கூடப் போய்ப் பாக்காம போட்டேன்."

ஜெனிஷ் தாளை எடுத்து மறுபடி பார்த்தார். முதல் கடையில் கழிவு மிகக் குறைவு, கீழே வரவரச் சிறிது சிறிதாக ஏறி, எட்டாவதில் கொட்டியிருந்தது. கடைக்குக் கடை பார்த்தவர் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்க்கவில்லை. அவர் காது சிவந்துபோயிற்று.

"என்ன செய்யலாம்னு சொல்லுதீய?" என்று கேட்டார் முதலாளி.

"தலைகீழாத் திருப்பணும். மொதல்ல சடையங்குப்பம். அப்பால மணலி, எண்ணூர்னு தெக்கால வரணும். தாய்க்கடைக்குக் கடைசி."

சுவரில் மாலை போட்ட படத்திலிருந்து முதலாளியின் தந்தையார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எக்கா, இது எங்கப்பா வெளக்கேத்துன கட. காலைல மொதச் சரக்கு இங்க எறங்குறத எட்டு வயசுலருந்து பாக்கேன். நசுங்குனதையும் கசியுறதையும் கடைசியா இந்தக் கட வாங்கணுமா?"

"கடைசின்னு ஒண்ணு எப்பவும் இருந்தே தீரும் மொதலாளி. அது யாருன்றத மட்டும் தான் நாம சொல்ல முடியும். இங்க காலைலேர்ந்து கூட்டம், லேட்டா வந்தாலும் சாயங்காலத்துக்குள்ள வித்துடும். இந்தக் கட தாங்கும். அது தாங்காது. இன்னொண்ணு, ஒட்ஞ்சத எந்தக் கடையிலும் வுட்டுட்டு வரக் கூடாது. எல்லாம் கிடங்குக்குத் திரும்பணும். பாரத்துல ஜாபர் பேரு வேணாம், என் பேர எழுதுங்க. ஏத்தி அனுப்புறவ நான் தானே."

சண்முகவேல் படத்தைப் பார்த்தார். பிறகு வேதமாணிக்கத்திடம், "மூணு மாசம் பாப்போம். நீரு கடைசியாவே வாங்கிக்கிடும்" என்றார்.

சபையோரே, அந்த மூன்று மாதமும் எளிதாகப் போகவில்லை. தெற்கே வரும்போது கண்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டு, ஜாபர் பேஜாராகி வண்டியையே விட்டுவிடுகிறேன் என்றார். அக்கா மறுபடி ஏறி உட்கார்ந்து, கடற்கரைச் சாலையை விட்டு உள்வழி காட்டினார். வேதமாணிக்கம் தினமும் பதினோரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "இன்னும் வரலியே" என்று சொல்வதைப் பிரார்த்தனையாகவே வைத்துக்கொண்டார். உடைந்த பொருளுக்கான பாரங்களில் 'அனுப்பியவர்: வரலட்சுமி' என்ற பெயர் அறுபத்திரண்டு முறை எழுதப்பட்டது. கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அவர் அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்தார். பார்த்துப் பார்த்துக் கட்டங்களை மாற்றினார். எண்ணெய் கீழே வந்தது, பிஸ்கெட் மேலே போனது, தயிருக்குத் தெர்மகோல் பெட்டி வந்தது. நான்காவது மாதம் ஜெனிஷ் புதுத் தாளோடு வந்தார். சடையங்குப்பத்தில் நூற்றுக்கு ஒன்று. தாய்க்கடையில் இரண்டு. டீசல் பெரிதாகக் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். எட்டாவது வரியில் சிவப்பு இல்லை. எட்டாவது வரியே சடையங்குப்பம் இல்லை, அதை முதல் வரியில் எழுதியிருந்தார்.

அந்த அம்மாள் மட்டும் கொஞ்ச நாள் வருத்தப்பட்டாராம். ஒடிந்த பிஸ்கெட் ஏன் வருவதில்லை என்று கார்குழலியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

அக்கா! இனி 'அவர்' வேண்டாம். கதை முடிந்தது, நீங்களும் எழுந்து போகவில்லை, இனி உங்களிடமே பேசுகிறோம்.

கிடங்கின் இரும்புக் கதவில் நீங்கள் சாக்பீஸால் எழுதிய வரி இரண்டு ஆண்டாக அழியாமல் இருக்கிறது. மழை கரைத்தால் எங்களில் ஒருவர் அதன்மேலேயே மறுபடி எழுதிவிடுவோம்: 'கடைசில பாத்துக்கலாம்னு இங்க யாரும் சொல்லக் கூடாது.' எத்தனையோ கடைகள் இந்த நகரத்தில் முளைக்கின்றன. கண்ணாடிக் கதவும் கணினியும் எங்களைவிட அவர்களிடம் நன்றாக இருக்கலாம். ஆனால் தம் தவற்றைத் தாமே கண்டு, தம் வாயாலேயே சபையில் சொல்லி, தம் பெயரையே அதன்மேல் எழுதி, தாழ்ந்து கிடந்த ஒரு கடையைத் தாங்கிப் பிடித்த தலைமை அவர்களுக்கு வாய்க்குமா? வாய்க்காது என்று அடித்துச் சொல்லுவோம்!

கார்குழலி இன்று வரவில்லை. கடையை மூடிவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னார். மூடினால் அக்காவுக்குப் பிடிக்காது என்று நாங்கள்தான் தடுத்தோம். கடை திறந்திருக்கிறது. இந்த மடலை நாங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த மாலை நேரத்தில் அங்கே யாரோ கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். அதுவே அவர் உங்களுக்கு அனுப்பிய மாலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முழங்கால் வலி ஓயட்டும். உங்கள் பார்வை மங்காதிருக்கட்டும். பேரப்பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே மதியத் தூக்கம் தவறாமல் வாய்க்கட்டும். நூறு ஆண்டுகள் நீங்கள் நல்லபடி வாழ, உங்கள் சாக்பீஸ் தூசு இன்னும் ஒட்டியிருக்கும் எங்கள் கைகளைக் கூப்பி வேண்டுகிறோம்.

நாளை விடியலில் நீங்கள் வியாசர்பாடி வீட்டில் இருப்பீர்கள். ஐந்தரை மணிக்குக் கண்ணை மூடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். மூடுங்கள். கிடங்கின் கதவு திறக்கும். ஜாபர் ஹாரன் அடிப்பார். வண்டி வடக்கே திரும்பும். இரண்டு பக்கமும் கோரை, தேங்கிய நீரில் வானம், தூரத்தில் அந்தத் தீ. பதினேழாம் நிமிஷம் கார்குழலி வாசலில் நிற்பார். அவர் கையில் சரக்கைக் கொடுத்துவிட்டு மணலிக்கு வந்துவிடுவீர்கள்.

இந்த முறை அங்கே இறங்கிவிடாதீர்கள் அக்கா. லாரிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் ராயபுரம் வரை வாருங்கள்.

என்றும் உங்கள் வண்டியில் வரும்,
அலைவாய் அங்காடியின் சாத்தாங்காட்டுக் கிடங்கு ஊழியர்கள்,
சடையங்குப்பம் முதல் ராயபுரம் வரை எட்டுக் கடைகளின் ஊழியர்கள்.

சாத்தாங்காடு, திருவொற்றியூர்
31.05.2008